‘நினைவில்லை’ என்றும் எழுதலாம்

கேள்வி: எங்கள் ஊர் குடியாத்தம். மகனுக்கு ஆறு வயது. கொரோனா ஊரடங்குக்கு இரண்டு மாதம் முன்பு பிறந்தவன். மூன்றரை வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். வேலூரில் அவனைக் காட்டிவரும் இடத்தில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்காக ஒரு மருத்துவப் பதிவேடு தொடங்கியிருக்கிறார்கள். விருப்பம் இருந்தால் சேரலாம் என்று சொல்லி முப்பது பக்கப் படிவம் கொடுத்தார்கள். நான் கருவுற்ற நாளிலிருந்து எல்லாவற்றையும் கேட்கிறது. ஐந்தாம் மாதம் காய்ச்சல் வந்து நான்கு நாள் பாராசிட்டமால் போட்டுக்கொண்டேன். அதனால்தான் ஆட்டிசம் வருகிறது என்று செல்போனில் ஒரு செய்தி வந்தது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இதைப் படிவத்தில் எழுதலாமா? ஒன்றரை வயதில் போட்ட தடுப்பூசிதான் காரணம் என்கிறார் கணவர். 2021 நவம்பரில் கவுண்டின்ய ஆற்றில் வெள்ளம் வந்தபோது பிள்ளை பயந்துவிட்டான், அதிலிருந்துதான் பேச்சு நின்றது என்கிறார் மாமியார். கணவர் எனக்குத் தாய்மாமன், அதனால் மாமியார் என் சொந்த ஆயாதான், அம்மாவைப் பெற்றவர். ‘வீட்டு விஷயத்தைத் தாளில் எழுதிக் கொடுக்காதே, நாளைக்குப் பெரியவளுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டாமா’ என்று தடுக்கிறார். மகளுக்கு 11 வயது. எழுதிக் கொடுத்தால் என் பிள்ளைக்கு என்ன பயன்? கொடுத்தது வெளியே போகாதா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் அந்த மாத்திரை விஷயத்தை முடித்துவிடுவோம். கேள்விகள் பதிவேட்டைப் பற்றியவை என்றாலும், உங்களைக் கடிதம் எழுத உட்கார வைத்தது அந்த நான்கு நாள் மாத்திரைதான் என்று தோன்றுகிறது.

2024-இல் ஸ்வீடனில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 1995 முதல் 2019 வரை அந்த நாட்டில் பிறந்த 24,80,797 குழந்தைகளைக் கணக்கில் எடுத்தார்கள். கர்ப்ப காலத்தில் பாராசிட்டமால் போட்டுக்கொண்ட தாய்மார்களின் பிள்ளைகளையும் மற்றவர்களின் பிள்ளைகளையும் மேலோட்டமாக ஒப்பிட்டபோது ஆட்டிசத்தில் ஒரு சிறு வேறுபாடு தெரிந்தது. அதோடு விடாமல், ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளை எடுத்துப் பார்த்தார்கள். மூத்தவன் வயிற்றில் இருந்தபோது மாத்திரை போட்டிருக்கிறாள், இளையவள் இருந்தபோது போடவில்லை என்றால், இந்த இருவருக்கும் வித்தியாசம் உண்டா? இல்லை. அந்தச் சிறு வேறுபாடும் மறைந்துவிட்டது. மாத்திரையின் கணக்கில் எழுதப்பட்டிருந்தது குடும்பத்தின் கணக்கு, அதாவது ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொதுவான மரபும் சூழலும். ஆகவே, காய்ச்சலுக்கு அளவோடு போட்டுக்கொண்ட மாத்திரைக்காக நீங்கள் இரவு விழித்திருக்க வேண்டியதில்லை. கர்ப்பிணிக்குக் காய்ச்சலைத் தணிக்காமல் விடுவதுதான் நல்லதல்ல.

அந்த ஆய்வை அவர்கள் எங்கிருந்து செய்தார்கள் தெரியுமா? பதிவேட்டிலிருந்து. நம் ஊரில் கிராம சுகாதாரச் செவிலியர் தாய் சேய் நல அட்டையில் எழுதுவதுபோல, அங்கே பேறுகாலச் செவிலியர்கள் ஒவ்வொரு முறையும் ‘என்ன மருந்து சாப்பிடுகிறாய்’ என்று கேட்டுக் குறித்துவைத்திருந்தார்கள். பிள்ளை பிறக்கும் முன்பே, பின்னால் யாருக்கு ஆட்டிசம் வரப்போகிறது என்பது யாருக்கும் தெரியாத காலத்திலேயே குறித்தது. அதனால்தான் அந்தக் கணக்குக்கு மதிப்பு. முகம் தெரியாத யாரோ சில லட்சம் தாய்மார்கள் மறைக்காமல் சொல்லி வைத்ததால்தான் இன்று உங்களிடம் நான் உறுதியாகப் பேச முடிகிறது.

எனவே எழுதுங்கள். எந்த மாதம், எத்தனை நாள், காய்ச்சல் எவ்வளவு இருந்தது, யார் எழுதிக் கொடுத்த மாத்திரை என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். ‘இதனால்தான் வந்தது’ என்று மட்டும் எழுத வேண்டாம். படிவம் அதைக் கேட்கவும் இல்லை.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தையின் தாய் அந்தப் பத்து மாதத்தையும் சல்லடை போட்டுச் சலித்திருப்பாள். தின்ற பப்பாளித் துண்டு முதல் தடுக்கி விழுந்த வாசற்படி வரை நினைவில் இருக்கும். பக்கத்து வீட்டுத் தாயும் அதே மாத்திரையைப் போட்டிருப்பாள், அவளுடைய பிள்ளை நன்றாகப் பேசுகிறது, அவள் மறந்தே போயிருப்பாள். இருவரையும் இன்றைக்கு உட்கார வைத்துக் கேட்டால் மாத்திரை போட்டவர்களுக்குத்தான் ஆட்டிசப் பிள்ளை பிறந்ததுபோலத் தெரியும். யாரும் பொய் சொல்லவில்லை. குற்ற உணர்ச்சி நினைவைத் தீட்டிக் கூர்மையாக்கிவிடுகிறது, அவ்வளவுதான். படிவத்தை வாங்கி ஆராய்கிறவர்களுக்கு இது தெரியும், இதற்கென்று அவர்கள் கணக்கில் இடம் வைப்பார்கள். நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நன்றாகத் தெரிந்ததையும், கேள்விப்பட்டதையும், ஊகித்ததையும் ஒரே மையில் எழுதாதீர்கள். அட்டையில் இருப்பதைப் பார்த்து எழுதினால் ‘அட்டைப்படி’ என்று ஓரத்தில் குறியுங்கள். நினைவிலிருந்து எழுதினால் அதையும் சொல்லுங்கள். நினைவில்லையா? ‘நினைவில்லை’ என்று எழுதுங்கள். முப்பது பக்கத்தில் பத்து இடத்தில் ‘நினைவில்லை’ என்று வரும் படிவத்தை நான் நம்புவேன். ஓர் இடம்கூட விடாமல் நிரப்பிய படிவத்தைப் பார்த்தால்தான் சந்தேகம் வரும்.

உங்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்கு மூன்று காரணம் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு மாத்திரை, கணவருக்குத் தடுப்பூசி, ஆயாவுக்கு வெள்ளம். தடுப்பூசிக்கு விடை எப்போதோ வந்துவிட்டது. 1998-இல் இங்கிலாந்தில் 12 குழந்தைகளை வைத்து ஒரு கட்டுரை அந்தச் சந்தேகத்தைக் கிளப்பியது. அதை வெளியிட்ட இதழே 2010-இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. டென்மார்க்கில் பதிவேட்டை வைத்து 6,57,461 குழந்தைகளைப் பார்த்து, தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று 2019-இல் சொன்னார்கள். 12 எங்கே, ஆறரை லட்சம் எங்கே. ஆனால் இந்த எண்களைச் சொல்லி உங்கள் கணவரைச் சமாதானப்படுத்த முடியாது. நான் பலமுறை முயன்று தோற்றிருக்கிறேன். அன்று ஊசி போடப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக அவராகத்தான் இருக்கும்.

பதினாறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள்தான் நம் குழந்தைகளுக்கு அந்த ஊசியின் இரண்டாம் தவணை. பேச்சு வரவில்லையே என்று வீட்டார் கவனிக்கத் தொடங்குவதும் அதே வயதில்தான். உங்கள் பகுதியில் வெள்ளம் வந்தபோது உங்கள் மகனுக்கும் அதே வயது. எல்லாம் ஒரே வாசலில் வந்து நிற்கும்போது யார் முதலில் வந்தார் என்பது தெரியாமல் போகிறது. இதற்கு ஒரு வழி உண்டு. அவனுடைய முதல் பிறந்தநாளை, அதாவது வெள்ளத்துக்கு ஏறக்குறைய பத்து மாதம் முன்பு, யாராவது செல்போனில் படம் பிடித்திருப்பார்கள். அதை எடுத்து, சத்தத்தை வைத்து, கேக்கை விட்டுவிட்டு அவனை மட்டும் பாருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடும்போது திரும்புகிறானா? பலூனைக் காட்டினால் பலூனைப் பார்க்கிறானா, காட்டுகிறவர் முகத்தையும் பார்க்கிறானா? விரலை நீட்டி எதையாவது சுட்டுகிறானா? 1994-இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் இதைத்தான் செய்தார்கள். பின்னால் ஆட்டிசம் என்று அறியப்பட்ட 11 குழந்தைகளின் முதல் பிறந்தநாள் படத்தையும் மற்ற 11 குழந்தைகளின் படத்தையும், எது யாருடையது என்று தெரியாதவர்களிடம் போட்டுக் காட்டினார்கள். பெரும்பாலான குழந்தைகளை அந்த ஒரு வயதிலேயே இனம் பிரிக்க முடிந்தது. பேசிக்கொண்டிருந்த குழந்தைக்கு உண்மையிலேயே பேச்சு நின்றுபோவதும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. உங்கள் மகன் எந்த வகை என்பதை அந்தப் படம் சொல்லக்கூடும். படிவத்தில் ‘பேச்சு நின்ற வயது’ என்ற கேள்விக்கு அதைப் பார்த்த பிறகு பதில் எழுதுங்கள்.

தேதிகள் பற்றி உங்களைப் போன்றவர்கள் வீணாகக் கவலைப்படுகிறார்கள். ஆங்கில மாதம் கேட்டால் விழிப்பார்கள். ஆனால் ‘கெங்கையம்மன் சிரசு அன்றைக்குத்தான் டாக்டர், கூட்டத்தில் தண்ணீர் வேண்டும் என்று முதல்முறையாகக் கேட்டான்’ என்று உங்கள் ஊர்த் தாய் ஒருவர் என்னிடம் சொன்னார். சிரசுத் திருவிழா வைகாசி முதல் தேதி. எந்த ஆண்டு என்று மட்டும் கேட்டுக்கொண்டு, மே மாத நடு என்று எழுதிக்கொண்டேன். இதைவிடத் துல்லியமான தேதி யார் தருவார்? மயானக் கொள்ளை, ஆடிக் கிருத்திகை, ஊரடங்கு, வெள்ளம் என்று உங்களுக்குத் தெரிந்த முளைகளில் கட்டிவையுங்கள். தாய் சேய் நல அட்டை, தடுப்பூசி அட்டை, பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சுருக்கம், ஸ்கேன் தாள்கள், அங்கன்வாடியில் எடை போட்ட கணக்கு எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள். பிறந்தவுடன் அழுதானா, மஞ்சள் காமாலைக்கு விளக்கில் வைத்தார்களா, வலிப்பு வந்ததா என்பவை அந்தத் தாள்களில் இருக்கும்.

இனி ஆயா.

உங்கள் கடிதத்தில் என்னைக் கொஞ்ச நேரம் யோசிக்க வைத்தது அவர்தான். தன் மகனுக்கும் தன் மகள் வயிற்றுப் பேத்திக்கும் முடிச்சுப் போட்டவர் அவர். படிவத்தின் இரண்டாம் பக்கத்திலோ மூன்றாம் பக்கத்திலோ ‘சொந்தத்தில் திருமணமா, என்ன உறவு’ என்ற கேள்வி இருக்கும். அதை யாராவது அவருக்குப் படித்துக் காட்டியிருக்கலாம், காட்டாமலும் இருக்கலாம். எப்படி இருந்தாலும் அவருக்குத் தெரியும். உங்களுக்கு மாத்திரை எப்படியோ, அவருக்கு அந்தக் கல்யாணம் அப்படி. பேத்தியின் மாப்பிள்ளையைப் பற்றிய கவலை நிஜம்தான் என்றாலும், அதற்குப் பின்னால் வேறொரு பயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். வெள்ளத்தைக் காரணம் சொன்னால் வீட்டில் யார் மீதும் பழி வராது அல்லவா?

உறவில் மணம் முடிப்பது மரபுவழி நோய்கள் சிலவற்றின் வாய்ப்பைக் கூட்டும். இதை மழுப்பிச் சொல்வது சரியல்ல. ஆனால் தாய்மாமனை மணந்த பெரும்பாலோருக்கு ஆட்டிசம் இல்லாத பிள்ளைகள்தான் பிறக்கின்றன. தூரத்துச் சம்பந்தம் செய்தவர்களின் பிள்ளைகளும் என் அறைக்கு வெளியே வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் ஒரு பிள்ளையை வைத்து அந்தக் கல்யாணத்தைக் கூண்டில் ஏற்ற முடியாது. வட ஆற்காட்டில் சொந்தத்தில் மணம் செய்த குடும்பங்களையும் செய்யாத குடும்பங்களையும் நிறைய எண்ணிப் பார்த்தால்தான் அதைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும். ஆகவே அந்தக் கேள்விக்கு ‘தாய்மாமன்’ என்று உள்ளதை எழுதுங்கள். இன்னொரு குழந்தை பெறும் எண்ணம் இருந்தால், பதிவேட்டுக்குக் காத்திராமல் மரபியல் ஆலோசனைக்குத் தனியாகப் போங்கள். ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கும் வீட்டில் அடுத்த பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று என்று, பிறந்தது முதல் தம்பி தங்கைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் சொல்கின்றன.

படிவத்தை எங்கே, யாரோடு உட்கார்ந்து நிரப்புகிறீர்கள் என்பதும் முக்கியம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயிடம் இதே மாதிரி ஒரு படிவத்தை நானே கேட்டு நிரப்பினேன். மாமியார் பக்கத்து நாற்காலியில் இருந்தார். ‘இதற்கு முன் கருச்சிதைவு ஏதாவது’ என்று கேட்டேன். அந்தப் பெண் தரையின் டைல்ஸைப் பார்த்துக்கொண்டு ‘இல்லை’ என்றார். நானும் ‘இல்லை’ என்று எழுதினேன். எல்லாரும் கிளம்பிப் போனார்கள். பத்து நிமிடத்தில் அவர் மட்டும் திரும்பி வந்தார். பிள்ளையின் தண்ணீர் பாட்டில் மேசைக்கு அடியில் இருந்தது. குனிந்து எடுத்தவர், நிமிராமலே ‘இரண்டு’ என்றார். பாட்டிலை வேண்டுமென்றே விட்டுப் போயிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றிலிருந்து கர்ப்ப காலக் கேள்விகளைத் தாயிடம் தனியாகத்தான் கேட்கிறேன். நீங்களும் அந்தப் பக்கங்களைத் தனியாக நிரப்ப வேண்டும் என்று கேளுங்கள். மறுக்க மாட்டார்கள்.

இதனால் என் பிள்ளைக்கு என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். நேரடியாக எதுவும் இல்லை. பேச்சுப் பயிற்சி ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்காது. மருந்து எதுவும் வராது. பதிவேட்டில் சேர்ந்தால் நல்ல கவனிப்பு கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அது தவறு. சேராவிட்டால் கவனிப்பு குறையும் என்று சொன்னால் அது பெரும் தவறு. ஊனமுற்றோர் சான்றிதழ், அடையாள அட்டை, தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆகியவை வேறு கதவுகள். அவற்றுக்கும் இந்தப் படிவத்துக்கும் தொடர்பில்லை. அங்கெல்லாம் போகும்போது தமிழ்த் தாள்களில் ‘மதியிறுக்கம்’ என்றும் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்றும் எழுதியிருக்கும். பயந்துவிடாதீர்கள், ஆட்டிசத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அந்தச் சொற்களைக் கண்டுபிடித்தவர் இப்படி ஒரு குழந்தையோடு ஒரு நாள் இருந்து பார்த்திருந்தால் வேறு சொல் தேடியிருப்பார்.

பயன் பொதுவில் உண்டு. அதற்கு நம் வேலூரிலேயே பழைய கதை ஒன்று இருக்கிறது. 2002-இல் தொடங்கி, நகரின் ஏழைக் குடியிருப்புகளில் பிறந்த 452 குழந்தைகளைப் பிறந்த நாளிலிருந்து ஓர் ஆய்வில் சேர்த்தார்கள். மூன்று ஆண்டு முழுவதும் தொடர்ந்தவர்கள் 373 பேர். களப்பணியாளர்கள் வீடு தேடி வருவார்கள். வயிற்றுப்போக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிள்ளையின் மலத்தைத் தாய் எடுத்து வைத்துக் கொடுக்க வேண்டும். இதை மூன்று ஆண்டு செய்வது என்றால் எவ்வளவு பொறுமை! குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் ஒருமுறை தொற்றினால் அடுத்த முறை எவ்வளவு பாதுகாப்பு கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. மெக்சிகோவில் முன்பு செய்த ஆய்வில் இரண்டு முறை தொற்றிய குழந்தைக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு வரவே இல்லை. வேலூரில் மூன்று முறை தொற்றிய பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். 2011-இல் இது வெளிவந்தபோது, மெக்சிகோக் குழந்தைக்குப் பொருந்தியது வேலூர்க் குழந்தைக்கு அப்படியே பொருந்தாது என்பது தெரிந்தது. அந்தத் தாய்மார்கள் கொடுக்காமல் இருந்திருந்தால் மெக்சிகோ எண்ணையே நாமும் எழுதிக்கொண்டிருப்போம்.

ஆட்டிசத்தில் நாம் இன்னும் ஸ்வீடன் எண்ணையும் டென்மார்க் எண்ணையும்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நானே இந்தப் பதிலில் அதைத்தான் செய்தேன். இந்தியாவில் ஐந்து இடங்களில் 3,964 குழந்தைகளைச் சோதித்து வளர்ச்சிக் குறைபாடுகளைக் கணக்கெடுத்த பெரிய ஆய்வு 2018-இல் வந்தது. அந்த ஐந்து இடங்கள் காங்ரா, பல்வல், தென்கனல், வடக்கு கோவா, ஹைதராபாத். தமிழ்நாட்டில் ஓர் இடமும் இல்லை. பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலை நடத்தும், அதில் வேலை செய்யும் குடும்பங்களிலிருந்து வருகிற பெற்றோர் ‘தண்ணீரால் வந்திருக்குமா’ என்று என்னிடம் கேட்காத மாதம் இல்லை. அந்தத் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-இல் புகழ்பெற்ற தீர்ப்பும் வந்தது. ஆனால் தண்ணீரையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட நமக்குத் தேவை, எந்த ஊரில் கர்ப்பமாக இருந்தீர்கள், எங்கே தண்ணீர் பிடித்தீர்கள் என்ற பதில்கள். ஆம் என்பதற்கும் அதுதான் வேண்டும், இல்லை என்பதற்கும் அதுதான் வேண்டும்.

பெற்றோர் மட்டுமே சொல்லக்கூடிய விஷயங்கள் சில இருக்கின்றன. 2007-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் பெற்றோரே விவரம் கொடுக்கும் ஆட்டிசப் பதிவேடு ஒன்று தொடங்கினார்கள். அதில் சேர்ந்த பெற்றோரிடம் கேட்டார்கள்: உங்கள் பிள்ளை வீட்டிலிருந்தோ பள்ளியிலிருந்தோ சொல்லாமல் கிளம்பிப் போயிருக்கிறதா? ஆட்டிசம் உள்ள 1,218 பிள்ளைகளில் 49 சதவீதம் பேர் நான்கு வயதுக்குப் பிறகு ஒருமுறையாவது அப்படிப் போக முயன்றிருக்கிறார்கள் என்று 2012-இல் தெரிவித்தார்கள். அதுவரை ‘அம்மா சரியாகக் கவனிக்கவில்லை’ என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டிருந்த விஷயம் அது. எந்த மருத்துவர் தன் அறையில் இருந்தபடி இதைக் கண்டுபிடித்திருக்க முடியும்? காட்பாடியில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஒரு தாய் தன் எட்டு வயது மகனுக்குக் கொலுசு போட்டிருக்கிறார். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சத்தம் நின்றால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவதற்காகத்தான் அது. உங்கள் மகன் அப்படிக் கிளம்பிப் போவதுண்டா? உண்டென்றால், படிவத்தில் அதற்கு ஒரே ஒரு கட்டம் இருந்தாலும் தனித்தாள் வைத்து எழுதுங்கள். ஆட்டிசத்தை 1943-இல் விவரித்த மனநல மருத்துவர் லியோ கேனர் எழுதிய 11 குழந்தைகளில் முதல் குழந்தையைப் பற்றி, அதன் தந்தை 33 பக்கம் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார். மருத்துவர் பார்த்ததைவிட அந்தக் கடிதத்தில் அதிகம் இருந்தது. உங்கள் முப்பது பக்கம் ஒன்றும் அதிகமில்லை.

கொடுத்தது வெளியே போகுமா என்பது நியாயமான கேள்வி. கையெழுத்துப் போடும் முன் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். ‘இங்கேயே போட்டுவிடுங்கள் அம்மா’ என்று யாராவது பேனாவை நீட்டினால் அவசரப்படாதீர்கள். ஆய்வு முறையாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள், அந்தக் குழுவின் தொலைபேசி எண் படிவத்திலேயே இருக்க வேண்டும். பெயரும் முகவரியும் ஒரு கோப்பிலும், மருத்துவ விவரம் எண் மட்டும் போட்டு இன்னொரு கோப்பிலும் இருக்குமா? இரண்டையும் சேர்க்கும் சாவி யாரிடம்? வேறு ஆய்வாளர்களுக்குக் கொடுப்பார்களா? கொடுத்தால் ஊர்ப் பெயரோடா, மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்வார்களா? இந்தக் கடைசிக் கேள்வியை எல்லாரும் கேட்க மறந்துவிடுகிறார்கள். பெயரை எடுத்துவிட்டாலும், ஆறு வயது ஆண், குடியாத்தம், தாய்மாமன் மணம், 11 வயதில் அக்கா என்று நான்கு விவரம் சேர்ந்தால் உங்கள் தெருக்காரர் கண்டுபிடித்துவிடுவார். உங்கள் கடிதத்தை வெளியிடும்போதே சில விவரங்களை நான் மாற்றியிருக்கிறேன். பதிவேடு நடத்துகிறவர்களும் இந்த அளவு யோசித்திருக்க வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம், அதனால் சிகிச்சை பாதிக்கக் கூடாது. ஏற்கெனவே கணக்கில் சேர்ந்து வெளிவந்துவிட்ட எண்ணை மட்டும் திரும்பப் பிடுங்க முடியாது. ஏழு வயது முதல் குழந்தையின் வாய்மொழிச் சம்மதத்தையும், 12 வயதுக்கு மேல் எழுத்துச் சம்மதத்தையும் கேட்க வேண்டும் என்பதும் அதே நெறிமுறைதான். உங்கள் மகனுக்கு அடுத்த ஆண்டு ஏழு. பேசாத பிள்ளையிடம் எப்படிக் கேட்பீர்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினாலும் பரவாயில்லை, யோசிக்கட்டும். அவன் 18 வயதில் இந்தத் தாள்களைப் பார்க்கக்கூடும் என்று நினைத்துக்கொண்டே எழுதுங்கள். அவன் அழுது புரளும் காட்சியைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள். நேரில் கொண்டுபோய்க் காட்டினால் போதும்.

ரத்தமோ எச்சிலோ கேட்டால் அது தனி ஒப்புதல், தனித்தாள். இன்று படிவத்துக்குச் சரி என்றவர் அதற்கு வேண்டாம் என்று சொல்லலாம். பதிவேட்டில் சேரப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். விவரத்தை வாங்கிக்கொண்டு அடுத்த வாரமே ‘ஸ்டெம் செல் போட்டால் பேச்சு வரும்’ என்று அழைப்பு வந்தால் அது பதிவேடே இல்லை, ஆள் பிடிக்கும் வேலை. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே கொடுக்கக் கூடாது என்பதும் மேற்சொன்ன கழகத்தின் நிலைதான். நகையை அடகு வைத்து அங்கே போய் வந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

பெரியவளின் கல்யாணத்துக்கு இன்னும் குறைந்தது பத்து ஆண்டு இருக்கிறது. அதற்குள் அவள் என்ன படிப்பாள், யாரைப் பார்ப்பாள் என்பது யாருக்குத் தெரியும்? தம்பிக்கு ஆட்டிசம் என்பது உங்கள் தெருவுக்கும் உறவுக்கும் இப்போதே தெரியும். பூட்டிய அலமாரியில் ஓர் எண்ணோடு கிடக்கும் தாள் சம்பந்தத்தைக் கெடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. சித்தப்பா வீட்டு வாட்ஸ்அப் குழு கெடுத்ததைக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

கடைசியாக ஒரு யோசனை. படிவத்தில் ‘குடும்ப வரலாறு’ என்று ஒரு பகுதி வரும். அப்பா எத்தனை வயதில் பேசினார், அம்மா எப்போது நடந்தார், இரண்டு பக்கத்திலும் பேச்சு தாமதம், வலிப்பு, தனித்தே இருக்கும் சுபாவம் உள்ளவர் யாராவது உண்டா என்று கேட்பார்கள். மற்ற வீடுகளில் இதற்கு இரண்டு பாட்டிகளைத் தேடிப் போக வேண்டும். உங்கள் வீட்டில் இரண்டு பக்கமும் ஒருவரிடமே இருக்கிறது. உங்கள் கணவரைப் பெற்றவர் அவர். உங்கள் அம்மாவைப் பெற்றவரும் அவர், அநேகமாக உங்களைக் குளிப்பாட்டி வளர்த்தவரும் அவர்தான். படிவத்தை ஒளித்துவைத்து அவர் தூங்கிய பிறகு எழுதாதீர்கள். உங்கள் பக்கங்களைத் தனியே முடித்துவிட்டு, இந்தப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மாலையில் அவர் பக்கத்தில் உட்காருங்கள். யாருடைய பெயரையும் எழுத மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கல்யாணத்தைப் பற்றி நீங்களாகப் பேச்சை எடுக்க வேண்டாம். ‘ஆயா, மாமா சின்ன வயதில் எப்போது பேச ஆரம்பித்தார்?’ என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.